வெளிநாட்டு ரயில் டிக்கெட்: உங்கள் கார்டை மறுத்தது யார்?

வெளிநாட்டுப் பயணத்துக்கு ரயில் டிக்கெட்டை இணையத்தில் வாங்க முயன்று தோற்றவர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: “அந்த நாட்டுத் தளம் நம் கார்டை ஏற்காது.” கேட்பவரும் தலையாட்டுவார். தன் பங்குக்கு ஒரு கைவைத்தியமும் சொல்வார். வேறு பிரவுசரில் முயலுங்கள், நள்ளிரவில் முயலுங்கள், தளத்தின் மொழியை மாற்றிப் பாருங்கள், பெயரைப் பெரிய எழுத்தில் அடியுங்கள். இவற்றில் சில, சில நேரம் பலிக்கவும் செய்யும். ஏன் பலித்தது என்று கேட்டால் சொன்னவருக்கே தெரியாது.

நானும் அந்த வாக்கியத்தைச் சொல்லித் திரிந்தவன்தான். ஓர் இரவு ரயிலில் இரண்டு படுக்கை இடம் பிடிப்பதற்காக ஓர் ஐரோப்பிய ரயில் நிறுவனத்தின் தளத்தில் உட்கார்ந்திருந்தேன். இடங்களைப் பதினைந்து நிமிடம் எனக்காக ஒதுக்கி வைத்திருப்பதாகச் சொல்லி, திரையின் ஓரத்தில் ஒரு கடிகாரம் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று முறை கார்டு எண்ணைத் தட்டினேன். மூன்று முறையும் அதே சிவப்பு வரி: கட்டணம் செலுத்த இயலவில்லை. கோபத்தோடு என் வங்கியைத் தொலைபேசியில் அழைத்தேன். மறுமுனையில் இருந்த பெண் பொறுமையாகத் தேடிப் பார்த்துவிட்டு, “எங்களுக்கு எந்தக் கோரிக்கையுமே வரவில்லையே, சார்” என்றார்.

வங்கி மறுக்கவில்லை. வங்கியிடம் யாரும் கேட்கவே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது: ‘கார்டை ஏற்கவில்லை’ என்று நாம் சொல்லும்போது, ஏற்காதது யார் என்பதைக் கேட்க மறந்துவிடுகிறோம். இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியைப் பற்றியது.

கார்டு என்பது பணம் அல்ல, ஜாமீன்

முன்பின் தெரியாத ஒருவர் கடைக்கு வருகிறார். “பொருளைக் கொடுங்கள், பணத்தை என் அண்ணன் தருவார்” என்கிறார். கடைக்காரருக்கு அந்த அண்ணனைத் தெரியாது. ஆனால் அவருக்கு வேண்டிய கணக்கர் ஒருவர் இருக்கிறார். அந்தக் கணக்கருக்கு ஊர் ஊராக ஆள் பழக்கமுள்ள ஒரு தரகரைத் தெரியும். தரகருக்கு அண்ணனைத் தெரியும். கேள்வி கடைக்காரரிடமிருந்து கணக்கருக்கும், கணக்கரிடமிருந்து தரகருக்கும், அவரிடமிருந்து அண்ணனுக்கும் போகிறது. “ஆமாம், என் தம்பிதான். கொடுங்கள், நான் பொறுப்பு” என்று அண்ணன் சொன்னதும் அதே வழியில் பதில் திரும்பி வருகிறது. பொருள் கை மாறுகிறது. பணம் இன்னும் எங்கும் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். இதுவரை நடந்தது வாக்குக் கொடுத்தல் மட்டுமே.

கிரெடிட் கார்டில் நடப்பது இதேதான். கடைக்காரர், ரயில் நிறுவனம். தம்பி, நீங்கள். அண்ணன், உங்களுக்குக் கார்டு தந்த வங்கி. இதை இனி ‘உங்கள் வங்கி’ என்றே சொல்கிறேன். கணக்கர், ரயில் நிறுவனத்துக்காகக் கார்டுப் பணத்தை வசூலித்துத் தரும் வங்கி. இதை ‘வசூல் வங்கி’ என்று வைத்துக்கொள்வோம். தரகர், விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு வலையமைப்பு. விசா யாருக்கும் கடன் கொடுப்பதில்லை. கேள்வியையும் பதிலையும் கொண்டுசேர்க்கிறது, வங்கிகளுக்கு இடையே கணக்கைத் தீர்க்கிறது, எல்லோரும் கட்டுப்பட வேண்டிய விதிகளை எழுதுகிறது.

ஆறாவதாக ஒருவரும் உண்டு. ரயில் தளத்தில் நீங்கள் கார்டு எண்ணைத் தட்டும் அந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் ரயில் நிறுவனம் நடத்துவதில்லை. பேமென்ட் கேட்வே எனப்படும் தனி நிறுவனம் நடத்துகிறது. கடை வாசலில் உட்கார்ந்து வருகிறவரின் காகிதங்களைச் சரிபார்த்து உள்ளே அனுப்பும் எழுத்தர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்குச் சந்தேகம் வந்தால் உள்ளே அனுப்பாமலே திருப்பிவிடுவார். என் இரவு ரயில் கதையில் நடந்தது அதுதான்.

ஒரு நொடிப் பயணம்

அண்ணனிடம் கேள்வி கேட்டுப் பதில் பெறும் செயலுக்கு ‘ஒப்புதல்’ என்று பெயர். உலகம் முழுவதும் இந்தக் கேள்வி ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்த செய்தியாகப் போகிறது. ஐஎஸ்ஓ 8583 என்ற அந்தச் செய்தி வடிவம் 1987இல் வெளியானது. கார்டு எண், தொகை, நாணயம், விற்பவர் யார், எந்த நாடு, என்ன தொழில் என்பதெல்லாம் அதில் குறிப்பிட்ட கட்டங்களில் இருக்கும். தொழிலைச் சொல்லக்கூட நான்கு இலக்க எண் உண்டு. பயணிகள் ரயிலுக்கு 4112. நீங்கள் டிக்கெட் வாங்குகிறீர்களா, துணி வாங்குகிறீர்களா என்பது உங்கள் வங்கிக்கு இப்படித்தான் தெரிகிறது.

பதிலும் சிறியதுதான். வங்கி திருப்பி அனுப்புவது இரண்டு எழுத்துக் குறியீடு. 00 என்றால் சரி. 51 என்றால் போதிய பணமோ கடன் வரம்போ இல்லை. 54 என்றால் கார்டு காலாவதியாகிவிட்டது. 57 என்றால் இந்தக் கார்டுக்கு இந்த வகைப் பரிவர்த்தனை அனுமதிக்கப்படவில்லை. மிகவும் எரிச்சலூட்டுவது 05: ‘ஏற்க வேண்டாம்’. காரணம் கிடையாது. அண்ணன் உதட்டைப் பிதுக்கிவிட்டார், அவ்வளவுதான்.

இந்தக் குறியீடு ரயில் தளத்துக்குத் தெரியும், அல்லது அதன் கேட்வேக்குத் தெரியும். ஆனால் உங்கள் திரைக்கு வருவது ‘கட்டணம் செலுத்த இயலவில்லை’ என்ற மொட்டை வாக்கியம். சோம்பேறித்தனமும் இதில் கொஞ்சம் உண்டு. வேண்டுமென்றே செய்வதும் உண்டு. திருடிய கார்டு எண்களோடு உட்கார்ந்திருப்பவரிடம் ‘காலாவதித் தேதி தவறு’ என்று தெளிவாகச் சொன்னால் அடுத்த தேதியை முயன்று பார்ப்பார். நேர்மையான பயணிக்குக் கிடைக்காத விளக்கம், திருடருக்குக் கிடைக்கக் கூடாத விளக்கம்.

உண்மையான பணம் பின்னால்தான் நகர்கிறது. ஒப்புதல் கிடைத்த ஒன்றிரண்டு நாளில் ரயில் நிறுவனம் தன் கணக்கை வசூல் வங்கியிடம் கொடுக்கும். அது வலையமைப்பு வழியாக உங்கள் வங்கியிடமிருந்து பணத்தைப் பெறும். இதற்குத் ‘தீர்வு’ என்று பெயர். ஒப்புதலும் தீர்வும் வேறு வேறு என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இது ஒரு பெரிய பயத்தைப் போக்கும்.

இதுவரை பார்த்தது: கார்டு ஒரு ஜாமீன். கேள்வி பலர் கை மாறிப் போகிறது. எந்தக் கை வேண்டுமானாலும் அதை நிறுத்தலாம். எங்கே நின்றாலும் உங்கள் திரையில் தெரிவது ஒரே சிவப்பு வரி.

அந்தப் பாதையில் மூன்று வாசல்கள் இருப்பதாக எடுத்துக்கொண்டால் விஷயம் எளிதாகிவிடும்.

முதல் வாசல்: படிவம்

கார்டு எண்ணைத் தட்டி முடித்தவுடன், யாரிடமும் கேட்காமலே தளத்துக்குச் சில விஷயங்கள் தெரிந்துவிடுகின்றன. எண்ணின் கடைசி இலக்கம் ஒரு சரிபார்ப்பு இலக்கம். முந்தைய இலக்கங்களை ஒரு சிறிய கணக்கில் போட்டால் இது வர வேண்டும். ஐபிஎம் நிறுவனத்தில் வேலை பார்த்த ஹான்ஸ் பீட்டர் லூன் கண்டுபிடித்து 1960இல் காப்புரிமை பெற்ற முறை இது. ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்தால் கட்டாயம் பிடித்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றி அடித்தாலும் ஏறக்குறைய எப்போதும் பிடித்துவிடும். ‘கார்டு எண் செல்லாது’ என்று கண நேரத்தில் வந்தால் அது வங்கியின் தீர்ப்பு அல்ல; உங்கள் விரல் வழுக்கியிருக்கிறது.

எண்ணின் தொடக்கம் இன்னும் அதிகம் பேசும். முதல் ஆறு இலக்கங்கள், இப்போது எட்டு, எந்த வங்கி, எந்த நாடு, எந்த வகைக் கார்டு என்பதைச் சொல்லிவிடும். நீங்கள் வெளியூர்க்காரர் என்பது தளத்துக்கு உங்கள் பெயரைப் படிப்பதற்கு முன்பே தெரியும். கேட்வேயில் மோசடித் தடுப்புச் சல்லடை ஒன்று இருக்கும். கார்டு ஒரு நாடு, இணைய இணைப்பு இன்னொரு நாடு, பயணம் மூன்றாவது நாடு என்றால் அந்தச் சல்லடையில் உங்கள் மதிப்பெண் குறையும். ‘அந்த நாட்டில் இருப்பதுபோல் காட்டிக்கொண்டால் ஏற்கும்’ என்று விபிஎன் போட்டுக்கொண்டு முயல்பவர்கள் தங்கள் நிலைமையைத் தாங்களே மோசமாக்கிக்கொள்கிறார்கள். வெளிநாட்டுக் கார்டும் உள்நாட்டு முகமூடியும் சேர்ந்தால் திருடரைப் போலத்தான் தெரியும்.

அதுவும் ரயில் டிக்கெட்டில் இந்தச் சல்லடை கெடுபிடியாகவே இருக்கும். டிக்கெட் மின்னஞ்சலில் உடனே போய்ச் சேர்கிறது. அனுப்ப வேண்டிய பெட்டி இல்லை, முகவரி இல்லை. சில வகை டிக்கெட்டுகளை ரத்து செய்து பணமாக்கலாம். திருடிய கார்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, விலை குறைந்த ஒரு டிக்கெட்டைவிட வசதியான பொருள் வேறென்ன?

அடுத்து முகவரி. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளில் முகவரிச் சரிபார்ப்பு என்ற முறை வழக்கத்தில் இருக்கிறது. முழு முகவரியையும் அது படிப்பதில்லை. முகவரியில் உள்ள எண்களையும் அஞ்சல் குறியீட்டையும் மட்டும் வங்கியிடம் இருப்பதோடு ஒப்பிடும். மற்ற நாட்டு வங்கிகள் பெரும்பாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதே இல்லை. ‘பொருந்தவில்லை’ என்பதும் ‘பதில் இல்லை’ என்பதும் வேறு. பதில் இல்லாவிட்டால் போகட்டும் என்று விடும் தளங்களும் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் கருதித் துரத்திவிடும் தளங்களும் உண்டு.

என் இரவு ரயிலுக்கு வருகிறேன். மறுநாள் தெளிந்த மனத்தோடு அதே பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன். அஞ்சல் குறியீட்டுக் கட்டம் ஐந்து இலக்கங்களை மட்டுமே வாங்கியது. என்னுடைய குறியீட்டுக்கு ஆறு. ஆறாவதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு, பச்சை நிறத்தில் ஒரு சரிக் குறியும் போட்டிருந்தது. ஆனால் ‘நாடு’ என்ற கட்டத்தில் நான் தேர்ந்த நாட்டுக்கு ஆறு இலக்கம் வேண்டும் என்று அதே தளத்தின் வேறொரு பகுதி எதிர்பார்த்திருக்கிறது. இரண்டு பகுதிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை போலும். அந்த நிறுவனத்தின் கைப்பேசிச் செயலியில் கட்டம் ஆறையும் வாங்கியது. டிக்கெட் கிடைத்துவிட்டது. அதே கார்டுதான்.

இன்னொரு குழப்பமும் இந்த வாசலிலேயே நடக்கிறது. சில தளங்களில் கட்டணப் பக்கத்தில் முதலில் கண்ணில் படுவது கார்டு அல்ல, அந்த நாட்டு மக்கள் பயன்படுத்தும் முறை: நெதர்லாந்தில் ஐடீல், பெல்ஜியத்தில் பான்கான்டாக்ட், போலந்தில் பிளிக், ஸ்வீடனில் ஸ்விஷ். இவற்றுக்கு அந்த நாட்டு வங்கிக் கணக்கு வேண்டும். அதை அழுத்தித் தோற்றுவிட்டு ‘கார்டை ஏற்கவில்லை’ என்று சொல்வது நியாயமில்லை. கீழே இறங்கினால் விசா, மாஸ்டர்கார்டு சின்னங்கள் பெரும்பாலும் இருக்கும். இருந்தும் பயனில்லாத நாடு ஒன்று உண்டு. 2022 மார்ச்சில் விசாவும் மாஸ்டர்கார்டும் ரஷ்யாவில் செயல்பாட்டை நிறுத்திவைத்த பிறகு, வெளிநாட்டு வங்கிகள் தந்த அந்தக் கார்டுகள் அங்கே செல்லாது. அங்கே “நம் கார்டை ஏற்காது” என்ற வாக்கியம் முழு உண்மை.

கார்டில் உள்ள பெயர்? பெரிய எழுத்தா, சிறிய எழுத்தா, முன்னெழுத்து முன்னாலா பின்னாலா என்று பலர் தவிக்கிறார்கள். ஒப்புதல் கேட்கும்போது பெயர் பெரும்பாலும் ஒப்பிடப்படுவதே இல்லை. உங்கள் தவிப்பைப் பயணியின் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பெயர் பதிந்த டிக்கெட்டில் அது பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்க வேண்டும். அங்கே பார்ப்பது கணினி அல்ல, ரயிலில் வரும் பரிசோதகர்.

இரண்டாம் வாசல்: நீங்கள்தானா?

கார்டு எண், காலாவதித் தேதி, பின்புறம் உள்ள மூன்று இலக்க சிவிவி ஆகிய எல்லாமே கார்டில் அச்சடிக்கப்பட்டவை. கார்டைப் பார்த்த எவருக்கும் தெரியும். அதனால் ‘தட்டுவது கார்டின் உரிமையாளர்தானா?’ என்ற கேள்வி எழுகிறது. அதற்கு விடையாக 2001இல் விசா கொண்டுவந்த ஏற்பாடு த்ரீ டி செக்யூர். பெயரில் உள்ள மூன்று, மூன்று களங்களைக் குறிக்கிறது: உங்கள் வங்கியின் களம், வசூல் வங்கியின் களம், இரண்டையும் இணைக்கும் நடுக்களம். முப்பரிமாணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கடைக்கார உவமையில் சொன்னால், கடைக்காரர் தொலைபேசியைத் தம்பியின் கையில் கொடுத்து, “உங்கள் அண்ணனிடம் நீங்களே பேசுங்கள்” என்கிறார். என்ன பேசினார்கள் என்பது கடைக்காரருக்குக் கேட்காது. பேசி முடித்ததும் அண்ணன் ஓர் அடையாளச் சீட்டுத் தருகிறார்: விசாரித்துவிட்டேன், இவன்தான். அந்தச் சீட்டோடுதான் பிறகு ஒப்புதல் கேட்கப்படும். திரையில் இது எப்படித் தெரியும்? ரயில் தளத்தின் நடுவே உங்கள் வங்கியின் சின்னத்தோடு ஒரு சிறு சாளரம் திறக்கும். ஓடிபி எனப்படும் ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கேட்கும். அல்லது வங்கியின் செயலியில் ஒப்புதல் தரச் சொல்லும்.

கடைக்காரர் ஏன் இவ்வளவு சிரமப்பட வேண்டும்? இந்தச் சீட்டு இருந்தால், பின்னாளில் ‘நான் வாங்கவே இல்லை’ என்று உரிமையாளர் புகார் செய்தாலும் நட்டம் ரயில் நிறுவனத்தின் தலையில் பெரும்பாலும் விழாது; உங்கள் வங்கியின் தலையில் விழும். யார் நட்டத்தைச் சுமக்கிறாரோ அவர்தான் கேள்வி கேட்பார் என்பது இந்தத் துறை முழுவதற்கும் பொருந்தும் திறவுகோல்.

சில நாடுகளில் இது சட்டமாகவும் ஆகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2019 செப்டம்பர் 14இல் நடைமுறைக்கு வந்தது. உங்களுக்குத் தெரிந்த ஒன்று, உங்களிடம் இருக்கும் ஒன்று, உங்கள் உடலோடு சேர்ந்த ஒன்று ஆகிய மூன்றில் இரண்டையாவது காட்டி அடையாளத்தை மெய்ப்பிக்க வேண்டும் என்கிறது அது. கடவுச்சொல், கைப்பேசி, கைரேகை என்று எடுத்துக்கொள்ளலாம். ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள வங்கியின் கார்டை இந்த விதி முழுமையாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் வம்பு வேண்டாம் என்று எல்லாக் கார்டுகளிடமும் கேட்கும் தளங்கள் நிறைய. ஜப்பானில் இணையத்தில் விற்பவர்கள் 2025 மார்ச் முடிவுக்குள் த்ரீ டி செக்யூர் ஏற்பாட்டைக் கொண்டுவர வேண்டும் என்று அந்த நாட்டின் கார்டுத் துறை வழிகாட்டி நெறி சொல்லியிருந்தது. இந்த ஏற்பாட்டில் பதிவாகாத கார்டை வைத்திருப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

வெளிநாட்டுத் தளங்களில் ஓடிபி கேட்காமலே பணம் எடுக்கப்படுவதையும் பார்த்திருப்பீர்கள். இது ஓட்டை அல்ல. 2016இல் வெளியான, த்ரீ டி செக்யூரின் இரண்டாம் பதிப்பிலிருந்து, தளம் உங்கள் கருவி, முகவரி, தொகை போன்ற பல விவரங்களை வங்கிக்குப் பின்னணியில் அனுப்புகிறது. வங்கிக்குத் திருப்தி என்றால் உங்களைத் தொந்தரவு செய்யாமலே சீட்டுக் கொடுத்துவிடும். தளமே இந்த வாசலைத் தாண்டிப் போவதும் உண்டு. அப்போது நட்டப் பொறுப்பு அதனுடையது.

இந்த வாசலில் நடக்கும் விபத்துகள் பெரும்பாலும் அற்பமானவை. விளம்பரத் தடுப்பான் வங்கியின் சாளரத்தைத் தடுத்துவிடும். வெள்ளைப் பக்கம் மட்டும் தெரியும். ஓடிபி வர வேண்டிய சிம் கார்டு வீட்டு மேசையில் இருக்கும், நீங்கள் வேறு நாட்டில் இருப்பீர்கள். வங்கியிடம் பழைய கைப்பேசி எண் இருக்கும். செயலியில் ஒப்புதல் தரப் போனவர் திரும்பி வருவதற்குள் கைப்பேசி பிரவுசர் பக்கத்தைப் புதிதாக ஏற்றிவிடும். சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். ‘வேறு பிரவுசரில் முயலுங்கள்’ என்ற கைவைத்தியம் பலிக்கும் இடம் இதுதான். பிரவுசரை மாற்றியதில் மந்திரம் எதுவும் இல்லை, புதியதில் விளம்பரத் தடுப்பான் இல்லை, அவ்வளவே.

இங்கே ஒரு சிறு நிறுத்தம். முதல் வாசலில் நிற்பது உங்கள் காகிதங்கள். இரண்டாம் வாசலில் நிற்பது நீங்கள். இரண்டையும் தாண்டிய பிறகுதான் வங்கியிடம் ‘பணம் தரலாமா’ என்ற கேள்வியே போகிறது.

மூன்றாம் வாசல்: உங்கள் வங்கி

பலரும் நம்ப மறுக்கும் செய்தி இது: வெளிநாட்டுத் தளத்தில் கிடைக்கும் மறுப்புகளில் பல, சொந்த வங்கி சொன்னவை. ரயில் தளம் வெறும் செய்தி வாசிப்பவர்.

முதலில் பார்க்க வேண்டியது வெளிநாட்டுப் பயன்பாட்டுக்கான பொத்தான். சில நாடுகளில் புதிய கார்டை அந்தக் கதவை மூடித்தான் கொடுக்கிறார்கள். எடுத்துக்காட்டாக, இந்திய ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் இதைக் கட்டாயமாக்கியது: புதிய கார்டு உள்நாட்டு ஏடிஎம்களிலும் கடைக் கருவிகளிலும் மட்டும் வேலை செய்யும், இணையப் பயன்பாட்டையும் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் உரிமையாளரே திறந்துகொள்ள வேண்டும். பொத்தானைத் திறந்தவர்களும் அதன் அடியில் உள்ள உச்சவரம்பைப் பார்க்க மறந்துவிடுவார்கள். கதவு திறந்திருக்கும், வரம்பு பூஜ்யமாக இருக்கும்.

அடுத்து வங்கியின் சந்தேகம். இதுவரை உள்நாட்டை விட்டு வெளியேறாத கார்டு, திடீரென்று அயல் நாணயத்தில் பெரிய தொகைக்கு, அதுவும் இரவில் கோரிக்கை வைக்கிறது. வங்கியின் கணினி தயங்கும். தயக்கத்தின் பெயர்தான் 05. அப்போது நம்மில் பலர் செய்வது அதே கார்டை மீண்டும் மீண்டும் தட்டுவது. ஒவ்வொரு தட்டலும் சந்தேகத்தைக் கூட்டும். சில முறைக்குப் பிறகு கார்டையே பூட்டிவிடும். இரண்டு முறை தோற்றால் நிறுத்துங்கள். வங்கியின் செயலியையும் குறுஞ்செய்தியையும் பாருங்கள். ‘இது நீங்கள்தானா?’ என்ற கேள்வி அங்கே பதிலுக்காகக் காத்திருக்கக்கூடும்.

எந்த வாசலில் நின்றீர்கள்?

இனி அந்தச் சிவப்பு வரி வந்தால் அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். வங்கியின் சாளரமும் திறக்கவில்லை, வங்கியிடமிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை என்றால் பெரும்பாலும் முதல் வாசல். படிவத்தை, முகவரியை, விபிஎன்னைப் பாருங்கள். தளத்துக்குப் பதிலாகச் செயலியில் முயலுங்கள். சாளரம் திறந்து வெறுமையாக நின்றாலோ, ஓடிபி வராமல் போனாலோ இரண்டாவது. ஓடிபி கொடுத்து, சாளரம் மூடி, அதன் பிறகு தோற்றால் மூன்றாவது. வங்கியோடு பேச வேண்டிய நேரம். பேசும்போது “உங்களுக்குக் கோரிக்கை வந்ததா, வந்திருந்தால் என்ன குறியீட்டோடு திருப்பினீர்கள்?” என்று கேளுங்கள். ‘கார்டு வேலை செய்யவில்லை’ என்று சொன்னால் கிடைக்கும் பதிலுக்கும் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

எதுவும் சரிவராதபோது மாற்றுப் பாதைகள் பலிப்பதற்கும் காரணம் இதில்தான் இருக்கிறது. பேபால் வழியாகச் செலுத்தினால், உங்கள் கார்டு சந்திப்பது ரயில் நிறுவனத்தின் கேட்வேயை அல்ல, பேபாலின் கேட்வேயை. முதல் வாசலே வேறாகிவிடுகிறது. ஆப்பிள் பேயில் கார்டு எண்ணுக்குப் பதிலாக வேறொரு மாற்று எண் போகிறது. உங்கள் முகத்தையோ கைரேகையையோ கைப்பேசியே சரிபார்த்துவிடுவதால் இரண்டாம் வாசல் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். டிரெயின்லைன், ரயில் யூரோப் போன்ற இடைத்தரகுத் தளங்கள் பல நாட்டுக் கார்டுகளை வாங்கிப் பழகியவை. சில நேரம் சேவைக் கட்டணம் உண்டு. ரத்து செய்வதற்கும் மாற்றுவதற்கும் அவர்களிடமே போக வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மூன்றாம் வாசலை மட்டும் இவற்றில் எதுவும் சுற்றிப்போக முடியாது. எந்தப் பாதையில் போனாலும் கடைசியில் அதே அண்ணன்தான்.

எந்த நாணயத்தில்?

சில கட்டணப் பக்கங்கள் இறுதியில் ஒரு சலுகை போலக் கேட்கும்: “உங்கள் நாட்டு நாணயத்திலேயே செலுத்துகிறீர்களா?” இதற்கு டைனமிக் கரன்சி கன்வர்ஷன் என்று பெயர். வேண்டாம் என்று சொல்லுங்கள். யூரோ டிக்கெட்டுக்கு யூரோ, யென் டிக்கெட்டுக்கு யென். சொந்த நாணயத்தைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தை முடிவு செய்வது விற்பவரின் பக்கம். தன் லாபத்தை அதிலேயே ஏற்றிவிடும். ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்று காட்டியாக வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட வேண்டியிருந்தது என்றால், இந்த வழக்கத்தின் லட்சணத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த நாட்டு நாணயத்திலேயே செலுத்தினால் வலையமைப்பின் விகிதம் பொருந்தும். அதன் மேல் உங்கள் வங்கி வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் சேர்க்கும். 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 100 யூரோ டிக்கெட்டுக்கு 3 யூரோ. சில கார்டுகளில் இது பூஜ்யம். டிக்கெட்டை ரத்து செய்தால் அன்றைய விகிதத்தில்தான் பணம் திரும்பும், எனவே கொடுத்த தொகையும் வந்த தொகையும் அச்சு அசலாக ஒத்துப்போகாது.

பணம் போனது, டிக்கெட் வரவில்லை

நடுங்க வைக்கும் காட்சி இது. வங்கியிடமிருந்து தொகை எடுக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்துவிட்டது; தளத்தில் ‘தோல்வி’. மூன்று வாசல்களையும் கேள்வி தாண்டிவிட்டது, பதில் திரும்பி வரும் வழியில் எங்கோ அறுந்துவிட்டது. பதினைந்து நிமிடக் கடிகாரம் முடிந்திருக்கலாம், இணைப்பு போயிருக்கலாம்.

ஒப்புதலும் தீர்வும் வேறு என்று பார்த்தோம் அல்லவா? இங்கே நடந்தது ஒப்புதல் மட்டும். வங்கி உங்கள் கடன் வரம்பில் அந்தத் தொகையை ஒதுக்கி நிறுத்தி வைத்திருக்கிறது. டிக்கெட் பதிவாகாததால் ரயில் நிறுவனம் பணத்தைக் கேட்டு வராவிட்டால், சில நாட்களில் அந்த ஒதுக்கீடு தானே கலைந்துவிடும். எத்தனை நாள் என்பது வங்கியைப் பொறுத்தது. அவசரப்பட்டு மீண்டும் வாங்குவதற்கு முன் மின்னஞ்சலையும், அதன் குப்பைப் பெட்டியையும், தளத்தில் உங்கள் கணக்கையும் பாருங்கள், டிக்கெட் வந்திருக்கலாம். ஒதுக்கீடு நிலையிலிருந்து பதிவான செலவாக மாறியும் டிக்கெட் இல்லை என்றால்தான் புகார். முதலில் ரயில் நிறுவனத்திடம், பிறகு வங்கியிடம்.

இன்னொரு பயணத்தில் எனக்கு இது நேர்ந்தது. பொறுமையில்லாமல் இரண்டாம் முறை வாங்கிவிட்டேன். வங்கியின் செயலியில் ஒரே தொகை, ஒரே ரயில் நிறுவனத்தின் பெயரில், ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு வரிகள். ஒன்று கறுப்பு எழுத்தில். மற்றது சாம்பல் நிறத்தில், ‘நிலுவை’ என்ற குறிப்போடு. தினமும் காலையில் திறந்து பார்த்தேன். எட்டாம் நாள் சாம்பல் வரியைக் காணவில்லை. பணம் திரும்பி வந்ததாக எந்தக் குறுஞ்செய்தியும் வரவில்லை. போகாத பணம் எப்படித் திரும்பி வரும்?